பிளக்கைச் சொருகுவீர்களா, மாட்டீர்களா?

கேள்வி: சார், எனக்கு வயது 54. கோவையில் ஸ்பின்னிங் மில் நடத்துகிறேன். சின்ன வயதிலிருந்தே கார் பைத்தியம். கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக் பக்கம் சத்தம் கேட்டால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நிற்கிற ஆள். இப்போது இருப்பது 2014 மாடல் வி8 (எட்டு சிலிண்டர்) பெட்ரோல் செடான். லிட்டருக்கு சராசரி 6 கிலோமீட்டர் தரும். இதைக் கொடுத்துவிட்டு பி.எம்.டபிள்யூ எம்5 பிளக்-இன் ஹைப்ரிட் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஐரோப்பியக் கணக்குப்படி 100 கிலோமீட்டருக்கு 1.7 லிட்டர்தான் குடிக்கும் என்கிறார் ஷோரூம்காரர். என் மகள் சுற்றுச்சூழல் படிக்கிறாள். "727 குதிரைத்திறன் வண்டிக்குப் பச்சை இலை ஸ்டிக்கர் ஒட்டப்போறீங்களாப்பா?" என்று சிரிக்கிறாள். வீட்டிலிருந்து மில்லுக்குப் போய்வர 38 கிலோமீட்டர், வருடத்தில் 250 நாள். மாதம் ஒரு தரம் குன்னூர் போவோம், அங்கே ஒரு சின்ன வீடு இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை பெங்களூர். மகள் சொல்வது சரியா, ஷோரூம்காரர் சொல்வது சரியா? மில் கூரையில் சோலார் இருக்கிறது, அதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா? பி.கு.: குன்னூர் வீட்டிலும் ஒரு சார்ஜர் போட்டுவிடலாமா?

பதில்:

முதலில் அந்த 1.7-ஐப் பிரித்து மேய்ந்துவிடுவோம். ஷோரூம்காரர் பொய் சொல்லவில்லை. ஐரோப்பாவின் டபிள்யூ.எல்.டி.பி சோதனையில் அந்தக் காருக்குக் கிடைத்த சான்று எண்தான் அது. ஆனால் அதே சான்றில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அதை யாரும் விரல் வைத்துக் காட்டமாட்டார்கள். பேட்டரி தீர்ந்தபின் அதே கார் 100 கிலோமீட்டருக்கு சுமார் 10.3 லிட்டர் குடிக்கும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஓர் அனுமானம். பிளக்-இன் காரைப் பிளக் சொருகிச் சார்ஜ் போட்டுக் கரண்டிலும் ஓட்டலாம், பெட்ரோலிலும் ஓட்டலாம். அதனால் புகை அளக்கும் எங்கள் லேபில் அதை இரண்டு விதமாக ஓட்டிப் பார்ப்போம். பேட்டரி நிறைந்திருக்கும்போது ஒரு முறை, காலியானபின் ஒரு முறை. இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதைச் சட்டமே சொல்லிவிடும். கரண்டில் 60, 70 கிலோமீட்டர் ஓடக்கூடிய காரை ஒரு சராசரி ஆள் எவ்வளவு தூரம் பெட்ரோல் இல்லாமல் ஓட்டுவார் என்பது அதிலேயே எழுதியிருக்கிறது. 1.7-ஐ 10.3-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வரும். அதாவது ஆறு கிலோமீட்டரில் ஐந்தை நீங்கள் கரண்டிலேயே ஓட்டுவீர்கள் என்று சட்டம் உங்களை நம்புகிறது.

அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. ஐரோப்பாவில் இப்போது வரும் கார்கள் தாங்கள் குடிக்கும் எரிபொருளைத் தாங்களே அளந்து பதிவு செய்துகொள்கின்றன. 2021-ல் பதிவான கார்களின் அந்தக் கணக்கைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்கள் சான்று எண்ணைவிட சுமார் 20 சதவீதம் கூடுதலாகப் புகைவிட்டிருந்தன. அது எதிர்பார்த்ததுதான். பிளக்-இன் ஹைப்ரிட்கள் மூன்றரை மடங்கு. காரில் கோளாறு ஒன்றும் இல்லை. ஆட்கள் போதிய அளவு சார்ஜ் போடவில்லை, அதுதான் முக்கியக் காரணம். அதற்கு இரண்டு வருடம் முன்பு ஐ.சி.சி.டி. என்ற போக்குவரத்து ஆய்வு அமைப்பும் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வகமும் சேர்ந்து பார்த்ததில், சொந்தமாகக் கார் வைத்திருப்பவர்கள் பாதித் தூரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கரண்டில் ஓட்டினார்கள். கம்பெனி கொடுத்த காரை ஓட்டுபவர்கள் 11-இலிருந்து 15 சதவீதம்தான். கம்பெனி பெட்ரோல் கார்டு சட்டைப்பையில் இருக்கும்போது ராத்திரி குனிந்து பிளக்கைத் தேட யாருக்குத் தோன்றும்? (உங்கள் காரும் மில் பெயரில்தான் வாங்கப்படும் என்று நினைக்கிறேன். மகளிடம் அதைச் சொல்லவேண்டாம்.)

2025-லிருந்து ஐரோப்பா அந்த நம்பிக்கையைப் படிப்படியாகக் குறைத்துவருகிறது. அதே காரைப் புதிய விதிப்படி அளந்தால் 1.7 வராது, கூடும்.

இந்த எண்ணுக்காகக் கார் கம்பெனிகள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகின்றன என்று உங்களுக்குத் தோன்றலாம். வாங்குகிறவர் மைலேஜ் பார்க்கிற ஆள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாததா? கதை வேறு. ஐரோப்பாவில் ஒரு கம்பெனி விற்கும் மொத்தக் கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடு ஒரு வரம்புக்குள் இருக்கவேண்டும். தாண்டினால் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். பேட்டரி இல்லாத ஒரு வி8 இந்தச் சராசரியை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விடும். பிளக் வைத்த வி8-க்குச் சான்றில் கிலோமீட்டருக்கு 40 கிராமுக்கும் குறைவு! வி8 இன்றைக்கும் உயிரோடு இருப்பதற்கு அந்த பிளக்தான் ஆக்சிஜன் சிலிண்டர். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. 2013-லேயே போர்ஷே 918 ஸ்பைடர் 887 குதிரைத்திறனோடு 100 கிலோமீட்டருக்கு சுமார் 3 லிட்டர் என்று சான்று வாங்கியது. அதே வருடம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கை 6 நிமிடம் 57 வினாடியில் சுற்றியும் காட்டியது. இரண்டும் ஒரே நாளில் நடக்காது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

ஹைப்ரிட் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது. பேட்டரியைத் தண்ணீர்த் தொட்டி என்று வையுங்கள். தொட்டி எவ்வளவு பெரிசு என்பது ஒரு விஷயம், குழாய் எவ்வளவு அகலம் என்பது வேறு விஷயம். லம்போர்கினி ரெவுயெல்டோவில் 6.5 லிட்டர் வி12, மூன்று மோட்டார், ஆனால் பேட்டரி 3.8 யூனிட்தான். சின்னத் தொட்டி, அகலக் குழாய். பத்து கிலோமீட்டர் ஓடும், தீர்ந்துபோகும். மெர்சிடிஸ்-ஏ.எம்.ஜி. சி63 அதே வகை. 6.1 யூனிட், 13 கிலோமீட்டர். இவற்றில் பேட்டரி இருப்பது உதைப்பதற்கு. காற்றைப்பற்றிய கவலை இரண்டாம்பட்சம். நீங்கள் பார்க்கும் எம்5-ல் பயன்படுத்தக்கூடிய அளவு 18.6 யூனிட், சான்றுப்படி 67-69 கிலோமீட்டர் ஓடும். உங்கள் 38 கிலோமீட்டரை ஏ.சி.யோடு, நெரிசலோடு, பெட்ரோல் ஒரு சொட்டு இல்லாமல் தாண்டிவிடும். அந்த அளவுக்கு உங்கள் தேர்வு அர்த்தமுள்ளதுதான்.

எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், பிளக்கே இல்லாத ஒன்றைச் சொல்வேன். 2024-ல் வந்த போர்ஷே 911 ஜி.டி.எஸ். பேட்டரி வெறும் 1.9 யூனிட். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவின் தண்டிலேயே ஒரு மின்மோட்டாரை வைத்திருக்கிறார்கள். பழைய டர்போ இன்ஜின்களை முழு மூச்சில் ஓட்டும்போது வெளிவரும் புகைக்காற்றின் சூட்டில் டர்போ உருகிவிடாமலிருக்க, எரியத் தேவையானதைவிடக் கூடுதலாக பெட்ரோலை ஊற்றுவோம். எரிவதற்கு இல்லை, குளிரவைப்பதற்கு! 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற கணக்கு அங்கே உடைந்துவிடும், கார்பன் மோனாக்சைடு கொட்டும். சோதனையில் அந்த வேகம் வராததால் சான்றில் அது தெரியாது. இந்த 911 எந்த வேகத்திலும், எந்த இழுவையிலும் அந்த 14.7 கணக்கிலேயே ஓடுகிறது. பிரசுரத்தில் பச்சை இலை ஏதும் இல்லாமல் செய்த உண்மையான வேலை இது. உங்கள் கேள்விக்கு இது நேரடிப் பதில் இல்லைதான். 22 வருடம் எமிஷன் லேபில் இருந்தவனுக்கு இதைச் சொல்லாமல் தாண்டிப்போக மனசு வரவில்லை.

சரி, கரண்டுக்கு வருவோம். ஷோரூம்காரரும் சொல்லமாட்டார், நிறையப் பேர் போட்டுப் பார்ப்பதும் இல்லை, அப்படி ஒரு கணக்கு. 18.6 யூனிட்டில் 69 கிலோமீட்டர் என்றால் 100 கிலோமீட்டருக்கு 27 யூனிட். சார்ஜரில் சூடாகப் போவதையும் சேர்த்தால் மீட்டரில் 30 ஓடும். சாதாரண மின்கார் ஒன்றுக்கு இதில் பாதி போதும். இது இரண்டரை டன் வண்டி, போனதலைமுறை எம்5-ஐவிட ஏறக்குறைய அரை டன் கூடுதல். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி நம் கிரிட்டில் (பொது மின்தொகுப்பில்) ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக, கரண்டில் ஓடும்போது கிலோமீட்டருக்கு சுமார் 216 கிராம். பெட்ரோலில்? ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ. (முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோல் எப்படி 2.3 கிலோ ஆகும் என்று மகளிடம் கேளுங்கள். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்வதால்.) சான்றின் 10.3 லிட்டருக்கு கிலோமீட்டருக்கு 237 கிராம் வருகிறது.

216-க்கும் 237-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? மின்கம்பியில் வழியில் போகும் இழப்பைச் சேர்த்தால் அதுவும் அழிந்துவிடும். பெட்ரோலுக்கும் கிணற்றிலிருந்து பங்க் வரை ஒரு செலவு இருக்கிறது, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதைச் சேர்த்தால் மறுபடி கொஞ்சம் இடைவெளி வரும். நம்மூர் நெரிசலில் 10.3 கிடைக்காது, லிட்டருக்கு 8 வந்தாலே அதிர்ஷ்டம். அப்போது கிலோமீட்டருக்கு 287 கிராம். எப்படிச் சுற்றிப் பார்த்தாலும், நிலக்கரிக் கரண்டில் ஓடும் இரண்டரை டன் கார் வானத்துக்குச் செய்யும் நன்மை கொஞ்சம்தான். ஊர்க்காற்றுக்கு நன்மை உண்டு. அந்தப் புகை அவிநாசி ரோட்டில் நிற்காமல் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி வழியாகப் போகும். அந்தப் புகைபோக்கிக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதில் சம்மதமா என்பது தனிக் கேள்வி.

அவிநாசி ரோட்டைச் சொன்னதும் இன்னொன்று. லேபில் ஒரு காரைச் சோதிக்க வேண்டுமென்றால் முந்தின நாளே அதை ஒரே சூட்டில் வைத்த அறையில் நிறுத்திவிடுவோம். மறுநாள் காலையில் உருளைகள்மேல் ஏற்ற வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போவோம். யாராவது பழக்கதோஷத்தில் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணிவிட்டால் அன்றைய டெஸ்ட் போச்சு. ஏன் இவ்வளவு கெடுபிடி? குளிர்ந்த இன்ஜினின் முதல் ஒரு நிமிடம்தான் முக்கியம். திரையில் ஹைட்ரோகார்பன் (எரியாமல் வெளிவரும் பெட்ரோல்) கோடு விருட்டென்று பனைமரம்மாதிரி எழும். அரை நிமிடம், முக்கால் நிமிடம் போனபின் தரையோடு தரையாகப் படுத்துவிடும். அதற்கப்புறம் இருபது நிமிடம் ஓட்டினாலும் எழாது. புகையைச் சுத்தம்பண்ணும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய ஒரு பீங்கான் தேன்கூடு. 300 டிகிரி வரும்வரை அது சும்மா இருக்கும் கல்தான். அதனால்தான் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் உங்கள் வி8 கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நிற்கிறது. கன்வர்ட்டரைச் சூடேற்றுகிறது.

பிளக்-இன் ஹைப்ரிட்டில் இந்த விஷயம் தலைகீழாகிவிடும். நீங்கள் கரண்டில் சத்தமில்லாமல் 70-ல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இன்ஜின் முந்தின நாளிலிருந்து தூங்குகிறது. முன்னால் ஒரு பஸ். ஏறி மிதிக்கிறீர்கள். மோட்டார் நீங்கலாக 585 குதிரைத்திறன் உள்ள இன்ஜினைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, முகம் கழுவக்கூட விடாமல், மூட்டையைத் தூக்கச் சொல்வதுமாதிரி. நான் சோதித்த ஒரு பிளக்-இன் வண்டியில், வேறு கம்பெனி வேறு மாடல், இப்படி ஒரே ஒரு மிதியில் வந்த ஹைட்ரோகார்பன், அதே வண்டி சூடான இன்ஜினில் அரைமணி ஓடியதைவிட அதிகம். கலிஃபோர்னியா 2022-ல் கொண்டுவந்த விதிகளில் பிளக்-இன் கார்களின் இந்த முரட்டுக் குளிர் ஸ்டார்ட்டுக்கென்றே தனி வரம்பு வைத்துவிட்டார்கள். இங்கே நாம் 2023 ஏப்ரலிலிருந்து பி.எஸ்.6 என்ற புகை விதியின் இரண்டாம் கட்டத்தில் வண்டிக்குப் பின்னால் அளவுப் பெட்டியைக் கட்டி ரோட்டிலேயே சோதிக்கிறோம், நல்ல விஷயம். ஆனால் டெஸ்ட் ஓட்டுபவர் ஒழுங்காக ஓட்டுவார். உங்களைப்போல பஸ்ஸைப் பார்த்ததும் கால் துடிக்காது.

இதற்கு மருந்து சுலபம். ஊரைத் தாண்டி வேகம் பிடிக்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால், இரண்டு மூன்று நிமிடம் முன்பே எலக்ட்ரிக் மோடிலிருந்து ஹைப்ரிட் மோடுக்கு மாற்றி இன்ஜின் ஓடட்டும். மெதுவாக ஓடிச் சூடேறட்டும். அப்புறம் மிதியுங்கள். இன்ஜினுக்கும் நல்லது, ஆயில் சூடாகாமல் இழுக்கிற வேலை எந்த இன்ஜினுக்கும் ஆகாது.

இனி உங்கள் கணக்கு. மில்லுக்கு 9,500 கிலோமீட்டர், குன்னூரும் பெங்களூரும் சேர்த்து சுமார் 3,100. மொத்தம் 12,600. பழைய வி8 இதற்கு 2,100 லிட்டர் குடிக்கிறது. வருடம் 4.8 டன் கார்பன் டை ஆக்சைடு. புது வண்டியை வாங்கி ஒரு நாள்கூட பிளக் சொருகாமல் லிட்டருக்கு 8 என்று ஓட்டினால் 3.6 டன். தினமும் வீட்டில் கிரிட் கரண்டில் சார்ஜ் போட்டு மில்லுக்குப் போய், வெளியூருக்கு மட்டும் பெட்ரோல் என்றால் 2.9 டன். மில்லுக்குப் போவது முழுக்கச் சூரிய ஒளியில் என்றால் 0.9 டன்.

ஒரே கார், ஒரே டிரைவர், ஒரே ரோடு. 3.6-இலிருந்து 0.9 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். அதனால்தான் மகளும் ஷோரூம்காரரும் சொல்வதில் யார் சரி என்று காரைப் பார்த்து என்னால் சொல்லமுடியவில்லை.

இதில் புது வண்டியைச் செய்ய ஆன செலவு சேரவில்லை. பேட்டரிக்கு மட்டும், ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 60-இலிருந்து 100 கிலோ என்று வைத்தால், ஒன்றிலிருந்து இரண்டு டன் வரும். அலுமினியமும் இரும்பும் சேர்த்து இவ்வளவு பெரிய காருக்கு மொத்தம் பத்து டன்னுக்குக் குறையாது என்பது என் மதிப்பீடு. பிளக் சொருகாதவருக்கு அந்தக் கடன் அடைய எட்டு வருடத்துக்குமேல் ஆகும். அதற்குள் நீங்கள் அடுத்த காருக்கு எனக்குக் கடிதம் எழுதியிருப்பீர்கள். கிரிட் கரண்டில் ஐந்து வருடம், சோலாரில் இரண்டரை. இன்னொன்று, உங்கள் பழைய வி8 வித்ததும் ஆவியாகிவிடாது. திருச்சூரிலோ மைசூரிலோ ஒரு இளைஞர் அதை ஆசையாக வாங்கி உங்களைவிட அதிகமாக மிதிப்பார். அந்தப் புகை யார் கணக்கில் என்று மகள் கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

பழையதையே வைத்துக்கொண்டால் ஊர்க்காற்று ரொம்பக் கெடுமா? பி.எஸ்.4 பெட்ரோல் கார்களுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராம், பி.எஸ்.6-ல் 60. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. பெரிய மாற்றம் நுண்துகளில்தான். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களுக்குத் துகள்களை எண்ணி வரம்பு வைத்துவிட்டார்கள். உங்கள் வி8-ன் புகைக்குழாய் முனையில் விரலை வைத்துத் தேய்த்தால் கறுப்பாக ஒட்டுமே, அதற்குத்தான். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து ஓட்டுகிற ஆளாக இருந்தால் பழையதையே வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். நீங்கள் தினமும் 38 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மகள் கேட்பாள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இன்னோவா ஹைகிராஸ் மாதிரி பிளக்கே இல்லாத சாதா ஹைப்ரிட் ஒன்று இதே 12,600 கிலோமீட்டரை, லிட்டருக்கு 17 என்று வைத்தாலும், 1.7 டன்னில் முடித்துவிடும். சான்றில் அதற்கு 23.24. வீட்டுக் கரண்டில் சார்ஜ் போட்ட எம்5-ஐவிட இது நன்றாகவே குறைவு. காரணம் ரகசியம் ஒன்றுமில்லை. ஊருக்குள் 50-ல் போக 10, 15 குதிரைத்திறன் போதும். அதற்கு எட்டு சிலிண்டரைச் சுழற்றுவது பூப்பறிக்கக் கோடரி எடுத்துப்போவதுமாதிரி. சாதா ஹைப்ரிட்டில் சின்ன இன்ஜின், தன்னால் நன்றாக எரிக்கமுடிகிற வேகத்தில் மட்டும் ஓடிவிட்டு மற்ற நேரம் படுத்துக்கொள்ளும். ஆனால் 727 குதிரைத்திறன் பார்த்த கண்ணுக்கு ஹைகிராஸ் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். வி8 உங்களுக்குச் சந்தோஷம் என்றால் அதைச் சந்தோஷம் என்றே சொல்லி வாங்குங்கள். மகள் அதற்குச் சிரிக்கமாட்டாள். இந்த வண்டிக்குப் பச்சை நம்பர் பிளேட்டும் கிடைக்காது, வெள்ளைதான். அரசாங்கமே அந்த விஷயத்தில் மகள் கட்சி.

சோலாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில்தான் உங்கள் விஷயம் மற்றவர்களிலிருந்து மாறுகிறது. கார் பகல் முழுக்க மில்லில்தான் நிற்கிறது, சூரியன் கூரைமேல் இருக்கிற அதே நேரத்தில். வீட்டில் ராத்திரி சார்ஜ் போட்டால் நிலக்கரி. மில்லில் பகல் பதினொரு மணிக்குப் போட்டால் வெயில். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது ராத்திரியிலும் கிரிட்டில் காற்றாலை மின்சாரம் நிறைய இருக்கும் என்பது உண்மைதான், அது சில மாதம். வெயில் வருடம் முழுக்க.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை அடைத்துவிடுங்கள். இப்போது உங்கள் கூரையில் வரும் கரண்டை மில்லே நூல் நூற்கும் ரிங் ஃபிரேமுக்குத் தின்றுவிடுகிறது இல்லையா? அதிலிருந்து காருக்கு 11 யூனிட் எடுத்தால், மில் அந்த 11 யூனிட்டைக் கிரிட்டிலிருந்து இழுக்கும். கார் சுத்தமாகும், நூல் அழுக்காகும். மொத்தத்தில் ஒன்றும் மாறியிருக்காது. அதனால் காருக்கென்று கூடுதலாகப் பலகை போடவேண்டும். ஒரு கிலோவாட் பலகை நம் பக்கம் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும். உங்கள் 38 கிலோமீட்டருக்கு 11, 12 யூனிட். 3 கிலோவாட் போதும். இரண்டு கோடிக்குப் பக்கத்தில் விலையுள்ள காருக்கு அது டயர் மாற்றுகிற காசு. கார் வருவதற்கு முன்பே அதைப் போட்டுவிடுங்கள். வந்தபின் போடலாம் என்று தள்ளிவைத்தவர்கள் போட்டதாக எனக்கு நினைவில்லை. வண்டி நிற்கும் ஷெட்டில் 16 ஆம்பியர் சாக்கெட்டே கிட்டத்தட்ட ஆறு மணி நேரத்தில் நிரப்பிவிடும். தனி சார்ஜர் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரம். டிரைவரிடமோ வாட்ச்மேனிடமோ அந்தப் பொறுப்பைக் கொடுத்து, பிளக்கை மாட்டியதும் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் சான்று எண்ணை மூன்றரை மடங்காக்கியது முக்கியமாக அந்த ஒரு வேலையைச் செய்யாததுதான்.

முன்பணம் கொடுக்கும் முன் ஒரு காரியம். டெஸ்ட் டிரைவுக்கு வண்டி வரும்போது பேட்டரி நிறைந்திருக்கும். அதைக் காலிசெய்துவிட்டு, டேங்கை விளிம்புவரை நிரப்பி, மேட்டுப்பாளையம் போய்வந்து மறுபடி நிரப்பிப் பாருங்கள். பெங்களூர்ப் பயணத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த எண்தான். லிட்டருக்கு 8 என்று நான் போட்டது தப்பென்றால் எழுதுங்கள், கணக்கைத் திருத்திப் போட்டுத் தருகிறேன்.

குன்னூர் சார்ஜர் விஷயம்: போடலாம், ஆனால் கிளம்பும் நாளில் முழுக்க நிரப்பாதீர்கள். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,500 மீட்டர். இரண்டரை டன் வண்டி அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது விடுகிற சக்தி சுமார் 10 யூனிட். டயர் உராய்வும் காற்றும் தின்றதுபோக அதில் பாதி அளவு பேட்டரிக்குத் திரும்ப வரும். பிரேக்கும் தேயாது, பிரேக் தூளும் பறக்காது. பேட்டரி ஏற்கெனவே நிறைந்திருந்தால் அதை வாங்கிவைக்க இடமிருக்காது, முழுப் பாரமும் பிரேக் டிஸ்க்மேல் விழும், அத்தனை கொண்டை ஊசி வளைவிலும். 60 சதவீதத்தில் நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். கீழே கல்லாறு தாண்டும்போது மீட்டரைப் பாருங்கள், மேலேயிருந்து கிளம்பியதைவிடக் கூடுதலாக இருக்கும்.